மூட்டுத் தேய்மானத்தோடு ஸ்கூபா டைவிங்: இறங்குவதும் ஏறுவதும் எப்படி?

எனக்கு வலது முழங்காலிலும் இடுப்பு மூட்டிலும் தேய்மானம். கழுத்திலும் கொஞ்சம் உண்டு. ஸ்கூபா கற்கப் போகிறேன் என்றபோது, "இந்தக் காலை வைத்துக்கொண்டா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். இது நான்காவது வருடம், இன்னும் டைவ் செய்துகொண்டிருக்கிறேன். கழுத்தளவு தண்ணீரில் நின்றாலே உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் காலில் இறங்கும். மிதக்கும்போது அதுவும் இல்லை. கடலுக்கடியில் இருக்கும் 40 நிமிடமும் எனக்கு முழங்கால் நினைவே வருவதில்லை. வலி எல்லாம் படகின் தளத்திலும் ஏணியிலும்தான் காத்திருக்கிறது. அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி அந்த இரண்டையும் பற்றியதாகத்தான் இருக்கும்.

காதில் அழுத்தத்தைச் சமன் செய்வது, மிதப்பைக் கட்டுப்படுத்துவது போன்றவற்றைப் பயிற்சி வகுப்பில் நன்றாகவே சொல்லித் தருவார்கள். அவற்றுக்குள் நான் போகவில்லை.

படி 1: மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

வகுப்பில் சேரும்போது ஒரு மருத்துவக் கேள்விப் படிவம் தருவார்கள். முதுகுப் பிரச்சினை உண்டா, தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றெல்லாம் அதில் இருக்கும். "ஆம்" என்று எழுதினால் மருத்துவரின் கையெழுத்து தேவைப்படலாம். அந்த அலைச்சலைத் தவிர்க்க "இல்லை" என்று குறிக்கத் தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஏன் என்பது படி 2-ல் புரியும்.

மருத்துவரிடம் "டைவ் செய்யலாமா?" என்று மட்டும் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. அவருக்கு டைவிங் பழக்கம் இல்லாவிட்டால் யோசிக்காமல் "வேண்டாம்" என்பார், இல்லாவிட்டால் யோசிக்காமல் "சரி" என்பார். நான் இரண்டாவது முறை போனபோது இப்படிச் சொன்னேன்: "காற்று நிரப்பிய அலுமினிய சிலிண்டர் 16, 17 கிலோ இருக்கும். மிதக்க வைக்கும் காற்று ஜாக்கெட், சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர், அமிழ்வதற்கான ஈய எடை எல்லாம் சேர்ந்தால் 25 கிலோ வரும். அதைச் சுமந்துகொண்டு ஆடும் படகில் நான்கு அடி நடக்க வேண்டும். சில நேரம் நீரோட்டத்தை எதிர்த்துக் காலை உதைக்க வேண்டியிருக்கும்." அதற்குப் பிறகுதான் அவர் என் காலை மடக்கி நீட்டிப் பார்த்து, எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று தெளிவாகச் சொன்னார்.

உங்களுக்கு இருப்பது எந்த வகை என்பதும் முக்கியம். வயதாலோ பழைய காயத்தாலோ வந்த சாதாரணத் தேய்மானம் ஒரு வகை. முடக்குவாதம் என்றால் அது நுரையீரலையும் தொடக்கூடிய நோய். அதற்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையும் சிலருக்கு நுரையீரலைப் பாதிக்கும். எனவே நெஞ்சுப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு பட்டுப்போகும் நோய் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அழுத்தக் காற்றில் வேலை பார்த்த தொழிலாளர்களுக்கு அதே மாதிரி எலும்புச் சிதைவு வந்ததை 1911-லேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பொழுதுபோக்காக, வரம்புக்குள் டைவ் செய்பவர்களுக்கு அது அரிது. ஆனாலும் ஏற்கெனவே அந்த நோய் இருப்பவர்கள், டைவிங் மருத்துவம் படித்த ஒருவரைப் பார்க்காமல் இறங்கவே கூடாது.

படி 2: உங்கள் வலியை எழுதிவையுங்கள்

இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. டைவ் முடிந்து மேலே வந்த பிறகு உடலில் தங்கிய நைட்ரஜன் குமிழிகளாக மாறினால் வருவது டீகம்ப்ரஷன் நோய். அதன் முக்கிய அறிகுறி மூட்டுவலி, அதிலும் தோளும் முழங்கையும். நமக்கோ வலி தினமும் இருப்பதுதான். எது எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வது?

ஒரு நோட்டில் மனித உருவம் ஒன்றை வரைந்துகொள்ளுங்கள். டைவுக்குப் போகும் நாள் காலையில், எங்கே வலிக்கிறது, 10-க்கு எத்தனை, எங்கே மரத்திருக்கிறது என்று குறியுங்கள். டிஸ்க் பிரச்சினையால் காலில் மரமரப்பு உள்ளவர்களுக்கு இது கட்டாயம். எந்த விரல், எந்தப் பக்கம் என்பது வரை எழுதுங்கள். மருத்துவர் ஒருமுறை பரிசோதித்து எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

தேய்மான வலி பொதுவாக அசைத்தால் கூடும், அமுக்கினால் தெரியும். குமிழி வலி ஆழத்தில் மந்தமாக இருக்கும். அசைத்தாலும் அமுக்கினாலும் பெரிதாக மாறாது. ஆனால் இதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். காலையில் நோட்டில் இல்லாத வலியோ மரமரப்போ டைவ் முடிந்து 24 மணி நேரத்துக்குள் வந்தால், அது குமிழி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் கேளுங்கள், டைவர்களுக்கு அவசர மருத்துவ உதவி தரும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் அவசர எண்ணை அழையுங்கள். படிவத்தில் பழைய வலியை மறைத்திருந்தால், அந்த நேரத்தில் சிகிச்சை தருபவருக்குப் பழையது எது, புதியது எது என்று பிரிக்க வழியே இருக்காது.

இதே காரணத்தால்தான் டைவுக்கு முன் வலி மாத்திரை போடுவதை நான் விட்டேன். வலியை அமுக்கிக்கொண்டு இறங்கினால் எச்சரிக்கை மணியையே கழற்றி வைத்த மாதிரி. தூக்கம் வரவைக்கும் நரம்பு வலி மாத்திரைகள் என்றால் மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

படி 3: கருவிகள்

ஃபின் (நீந்தக் காலில் மாட்டும் துடுப்பு) லேசாக, வளையக்கூடியதாக இருக்கட்டும். கனமான, விறைப்பான ரப்பர் ஃபின்னைப் பலர் புகழ்வார்கள். தேய்ந்த முழங்காலுக்கு அது எதிரி. நடுவில் பிளவுள்ள ஃபின்தான் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு உதைக்கும் கால் தாங்கும் பாரம் குறைகிறது. பின்பட்டையாக ஸ்பிரிங் மாட்டிக்கொண்டால் குனிந்து கொக்கி போட வேண்டியதில்லை. தவளை மாதிரி உதைக்கும் முறை முழங்காலைப் பக்கவாட்டில் திருகும். எனக்கு அது ஒத்துவரவில்லை. இடுப்பிலிருந்து மெதுவாக மேலும் கீழும் உதைப்பதுதான் சரியாக இருக்கிறது. நீரோட்டம் பலமான இடங்களுக்கு நான் போவதில்லை.

உடல் சூட்டைக் காக்கப் போடும் இறுக்கமான ரப்பர் உடையான வெட்சூட்டில் கணுக்கால் ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள். காலில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். சுலபமாக மாட்டலாமே என்று ஒரு அளவு பெரிதாக வாங்காதீர்கள். தண்ணீர் புகுந்துகொண்டே இருக்கும். காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும், குளிர்ந்த மூட்டு மறுநாள் வரை வலிக்கும்.

கழுத்துத் தேய்மானம் உள்ளவர்கள் சிலிண்டரைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். தலையைத் தூக்கும்போது பின்மண்டையில் இடிக்காது. இடுப்பில் வெயிட் பெல்ட் கட்டுவதைவிட எடையைப் பிரித்து, கொஞ்சத்தைச் சிலிண்டர் பட்டையில் மாட்டுங்கள். இடுப்பு தொய்ந்து முதுகு வளைவது நிற்கும்.

படி 4: இறங்குவது

நின்றபடி பெரிய அடி எடுத்துக் குதிப்பதை மறந்துவிடுங்கள். படகின் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு, மெதுவாக நழுவி இறங்குங்கள். ஜாக்கெட்டில் காற்றடித்து முதலிலேயே தண்ணீரில் கயிறு கட்டி மிதக்கவிடச் சொன்னால், நீரிலேயே மாட்டிக்கொள்ளலாம். 25 கிலோவில் ஒரு கிலோகூட முதுகில் ஏறாது.

படி 5: ஏறுவது. இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்

முதல் படகு டைவில் முழுப் பாரத்தோடு ஏணியில் ஏறினேன். அலையில் படகு தூக்க, மடங்கிய முழங்காலில் மொத்த எடையும் இறங்கியது. மூன்று வாரம் சரியாக நடக்க முடியவில்லை. அடுத்த முறை ஜாக்கெட்டைத் தண்ணீரில் கழற்றித் தர முடிவு செய்தேன். சரியான முடிவுதான், ஆனால் வரிசையைத் தப்பாகச் செய்தேன். வெயிட் பெல்ட் இடுப்பில் இருக்கும்போதே ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டேன். மிதக்க வைத்தது ஜாக்கெட், அமிழ்த்தியது பெல்ட். ஒரு கையால் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். பக்கத்தில் இருந்தவர் பிடித்து இழுத்தார்.

சரியான வரிசை இது. கிளம்பும் முன்பே படகில் உள்ளவர்களிடம் சொல்லி, யார் மேலே வாங்குவார் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். மேலே வந்ததும் ஜாக்கெட்டில் முழுக்கக் காற்றடியுங்கள். மாஸ்க் முகத்திலும் ரெகுலேட்டர் வாயிலும் இருக்கட்டும். படகின் கயிற்றை ஒரு கையால் பிடியுங்கள். முதலில் எடை: பெல்ட்டையோ ஜாக்கெட் பையில் உள்ள ஈயத்தையோ கழற்றிக் கொடுங்கள். அப்புறம்தான் ஜாக்கெட். தோள்பட்டைகளை முழுக்கத் தளர்த்தி, முதலில் இடது கையை உருவுங்கள். ரெகுலேட்டர் குழாய் பெரும்பாலும் வலது தோள் மேல் வரும் என்பதால், இப்படிச் செய்தால் அது வாயிலேயே இருக்கும். மேலே உள்ளவர் சிலிண்டரின் தலையைப் பிடித்த பிறகுதான் ரெகுலேட்டரை விட வேண்டும். ஃபின் கடைசி. ஏணியைப் பிடித்த பிறகுதான் அதைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் அலை இழுத்தால் நீந்தி வர வழி இருக்காது.

ஏணியில் நல்ல கால் முதலில் ஏறட்டும், வலிக்கும் கால் பின்னால் வரட்டும். படகில் உட்கார்ந்த பிறகு மாஸ்க்கை எடுங்கள்.

இதை அமைதியான ஆழமற்ற தண்ணீரில் ஐந்தாறு முறை பழகிவிட்டுப் படகுக்குப் போங்கள். உதவி கேட்பதற்கு நான் ஆரம்பத்தில் மிகவும் தயங்கினேன். என் அனுபவத்தில், முன்கூட்டிச் சொன்னால் யாரும் முகம் சுளித்ததில்லை.

பிற்சேர்க்கை

செயற்கை மூட்டு வைத்தவர் ஒருவர், ஆழத்தில் அழுத்தம் அதை நசுக்காதா என்று கேட்டிருந்தார். நசுக்காது. 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஆனால் அது காற்றுள்ள இடங்களைத்தான் சுருக்கும். எலும்பு, திசு, உலோகம், பிளாஸ்டிக் எதிலும் சுருங்கக் காற்று இல்லை. காயம் முழுக்க ஆறி, அறுவை சிகிச்சை செய்தவர் பாரம் தூக்கலாம் என்று சொல்லும்வரை பொறுத்திருங்கள்.

விரல் மூட்டு வீங்கியிருப்பதால் ஜாக்கெட்டில் காற்றடிக்கும் பொத்தானை அமுக்க முடியவில்லை என்று இன்னொருவர் எழுதினார். ஜாக்கெட்டை வாங்கும் முன் கையுறை போட்டுக்கொண்டு அந்தப் பொத்தானை இருபது முறை அமுக்கிப் பாருங்கள். இருபதாவது முறை வலித்தால் அந்த ஜாக்கெட் வேண்டாம்.