வைட்டமின் டி: வாரத்துக்கு ஒன்றா, தினம் ஒன்றா?

கும்பகோணத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். போன தை மாதம் ஓர் அம்மா வந்து, "தம்பி, அந்த நாலு மாத்திரையும் தீர்ந்துபோச்சு, இன்னொரு அட்டை குடுங்க" என்றார். வாங்கியது திங்கட்கிழமை, அன்று வெள்ளி. சீட்டில் வாரத்துக்கு ஒன்று என்றுதான் டாக்டர் எழுதியிருந்தார். அவர் தினமும் காலையில் இட்லி சாப்பிட்ட கையோடு ஒன்று போட்டிருக்கிறார். ஒவ்வொன்றும் 60,000 யூனிட் வைட்டமின் டி. அட்டையைக் கொடுக்காமல் டாக்டரிடமே திருப்பி அனுப்பினேன். டி மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். அதைப் பார்த்தார்கள், நல்லவேளை, ஏறவில்லை. அதற்கப்புறம் அந்த அட்டையை யாருக்குக் கொடுத்தாலும், எந்தக் கிழமை என்று கேட்டுப் பின்பக்கம் பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன்.

பி, சி வைட்டமின்கள் மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும். ஏ, டி, ஈ, கே அப்படியில்லை, கொழுப்பில் கரைபவை. அதிலும் ஏ, டி இரண்டும் ஈரலிலும் கொழுப்பிலும் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும்.

அதனால் முதலில் வீட்டிலுள்ள சத்து மாத்திரை எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்புங்கள். கால்சியம் மாத்திரையிலும் டி இருக்கும், மல்டிவைட்டமினிலும் இருக்கும், காட் மீன் ஈரல் எண்ணெயில் ஏ, டி இரண்டும் இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்ன அளவுதான். கூட்டிப் பாருங்கள். மைக்ரோகிராமில் போட்டிருந்தால் டி-க்கு 40-ஆல் பெருக்கினால் யூனிட் வந்துவிடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட் போதும். டாக்டர் சொல்லாமல் 4,000-ஐத் தாண்டக் கூடாது. வாரம் 60,000 என்பது நாளுக்கு 8,500-க்கும் மேல். அது வைத்தியம். எத்தனை வாரம் என்று டாக்டர் சொல்கிறாரோ அத்தோடு நிறுத்த வேண்டும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, குழப்பம் என்று வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுப்பவர்கள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ள பாட்டிலும் உண்டு, 800 உள்ளதும் உண்டு. டாக்டர் 400 யூனிட் சொல்லியிருந்தால் முதலாவதில் 1 மில்லி, இரண்டாவதில் அரை மில்லி. பாட்டில் மாறினால் பழைய டிராப்பரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஏ வைட்டமினில் 'ரெட்டினால்', 'ரெட்டினைல்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது நேரடியான ஏ, மிஞ்சினால் ஆபத்து. பெரியவர்களுக்கு நாளுக்கு 3,000 மைக்ரோகிராம், அதாவது 10,000 யூனிட்தான் உச்சம். கர்ப்பிணிகள் இதைத் தாங்களாக வாங்கிப் போடவே கூடாது, கருவிலேயே குழந்தைக்குக் குறை வரலாம். முருங்கைக்கீரையும் கேரட்டும் பயமில்லாமல் சாப்பிடலாம். அதிலுள்ள பீட்டா கரோட்டினை உடம்பு தேவைக்குத்தான் ஏ-வாக மாற்றிக்கொள்ளும்.

முடிக்கும் சருமத்துக்கும் என்று 400 மில்லிகிராம் ஈ கேப்சூல் கேட்டுப் பலர் வருகிறார்கள். ஒரு நாள் தேவை அதிகபட்சம் 15 மில்லிகிராம்தான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஈ ரத்தக்கசிவை அதிகமாக்கலாம். அந்த மாத்திரைகளில் ஒன்றான வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு கே நேர் எதிர், மருந்தின் வேலையையே குறைத்துவிடும். இவர்கள் புது டப்பா எதையும் திறப்பதற்கு முன் அதை டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும்.