பார்சல் பானிபூரி நமத்துப் போனால்

பார்சல் வாங்கிய பூரி நமத்துவிட்டால் தூக்கிப் போடாதீர்கள், எண்ணெய் விடாத தோசைக்கல்லில் சிறுதீயில் மூன்று நான்கு நிமிடம் புரட்டிவிட்டு, தட்டில் பரப்பி நன்றாக ஆற விடுங்கள். காற்றில் இருந்து இழுத்த ஈரம்தான் பூரியைத் தோல் மாதிரி ஆக்குகிறது, சூட்டில் அது போய்விடும். சூடாக இருக்கும்போது கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும், பயப்பட வேண்டாம், ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். கடையிலேயே உருளைக்கிழங்கு மசாலாவைத் தனிப் பொட்டலமாகக் கேட்டு வாங்குங்கள், அந்தச் சூட்டின் ஆவியே பாதிப் பூரியைக் கெடுத்துவிடும். மும்பை பானிபூரி, டெல்லி கோல்கப்பா, கொல்கத்தா புச்கா எல்லாவற்றுக்கும் இது சரிவரும். பானியில் நனைந்த பூரிக்கும் சிக்கு வாடை அடிக்கும் பூரிக்கும் மட்டும் உதவாது.