ரசிகர் பதிவுகளை அடுக்கி வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலைக்கு வாங்கிய ஆல்பத்தின் டேக், அதாவது ஒலிக்கோப்புக்குள் கட்டம் கட்டமாக எழுதியிருக்கும் விவரம், அழிந்துபோனால் பெரிய இழப்பு இல்லை. பாடலின் பெயர், ஆண்டு, இசையமைப்பாளர், அட்டைப்படம் எல்லாம் இணையத்தில் கிடைக்கும்; ஐந்து நிமிடத்தில் திரும்பப் போட்டுவிடலாம். ரசிகர்கள் உண்டாக்கிய பதிவுகளுக்கு அந்த வசதி கிடையாது. கூட்டத்தின் நடுவே ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் எடுத்த கச்சேரி, பிறர் பாடலை வீட்டில் பாடி நண்பர்களுக்கு அனுப்பிய கவர், ஒரு ரசிகர் எழுதிய கதையை இன்னொரு ரசிகர் வாசித்துப் பதிவு செய்யும் பாட்ஃபிக் என்று எதை எடுத்தாலும் அதிகாரபூர்வமான பட்டியல் என ஒன்று இருக்காது. யார், எங்கே, எப்போது, எதை வைத்து எடுத்தார் என்பது கோப்போடு சேர்த்து எழுதப்பட்டிருந்தால் உண்டு. எழுதப்படாவிட்டால் அந்த விவரம் வேறெங்கும் கிடைக்காது.

நான் பல வருடங்களாக இவற்றைச் சேர்த்து வருகிறேன். என் சேகரிப்பிலும் நண்பர்களின் சேகரிப்பிலும் பார்த்தவரை, பெரும்பாலான தவறுகள் இவற்றையும் கடை ஆல்பம் போலவே நடத்துவதால்தான் வருகின்றன.

தானாக டேக் போடும் வசதியிடம் ஒப்படைப்பது

எல்லாவற்றிலும் மோசமான தவறு இதுதான். நான் இதைச் செய்திருக்கிறேன். ஒரு நாள் இரவு 340 கோப்புகள் கொண்ட ஒரு ஃபோல்டரை ஒரு மென்பொருளிடம் கொடுத்து, எல்லாவற்றுக்கும் டேக் போடச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன். இத்தகைய மென்பொருள்கள் ஒலியின் சாயலை வைத்துப் பொருத்தம் தேடும். அது கிடைக்காவிட்டால் பாடலின் பெயரையும் நீளத்தையும் வைத்து, ஏறத்தாழ ஒத்துப்போவதை எடுத்துக்கொள்ளும். காலையில் பார்த்தால் அறுபதுக்கும் மேற்பட்ட கவர் பாடல்கள் மூலப் பாடகரின் பெயரில், மூல ஆல்பத்தின் அட்டைப்படத்தோடு, மூல ஆண்டோடு நின்றன. பாடிய ரசிகர்களின் பெயர்கள் இருந்த கட்டங்கள் எல்லாம் மேலெழுதப்பட்டிருந்தன. பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை.

பலவற்றைக் குரலை வைத்தும் பழைய மின்னஞ்சல்களை வைத்தும் மீட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் முடியவில்லை. பின்னணியில் மழைச் சத்தம் கேட்கும். பாதியில் கதவு திறக்கும் ஓசை வரும். பாடுபவர் "ஒரு நிமிஷம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சரணத்தை முதலிலிருந்து தொடங்குவார். அவர் பெயர் அந்தக் கட்டத்தில்தான் இருந்தது.

மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட் போன்றவை வெளியான ஆல்பங்களுக்கு அருமையான கருவிகள். ரசிகர் பதிவுகளுக்கு எம்பி3டேக், கிட்3 போல நாமே கையால் எழுதும் மென்பொருள்தான் சரி. ரசிகர் பதிவுகளுக்குத் தனி ஃபோல்டர் வைத்து, தானாக ஒழுங்குபடுத்தும் எந்தச் செயலியும் அதைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சில பிளேயர்களில் கோப்புகளைத் தானே இடம் மாற்றிப் பெயர் மாற்றும் அமைப்பு ஒன்று இருக்கும். நிறுவியவுடன் அதைத் தேடிப்பிடித்து அணைத்துவிடுங்கள்.

எல்லோரையும் 'கலைஞர்' என்ற ஒரே கட்டத்தில் அடைப்பது

ரசிகர் பதிவு ஒன்றில் பெரும்பாலும் மூன்று பேர் இருப்பார்கள்: மூலத்தை உருவாக்கியவர், நிகழ்த்தியவர், பதிவு செய்தவர். பாட்ஃபிக்கில் கதை எழுதியவர், வாசித்தவர், ஒலி தொகுத்தவர், அட்டைப்படம் வரைந்தவர் என்று எண்ணிக்கை இன்னும் கூடும். எல்லோரையும் கமா போட்டு ஒரே கட்டத்தில் எழுதினால், பிறகு யார் என்ன செய்தார் என்பது எழுதியவருக்கே தெரியாது.

நான் பின்பற்றும் முறை இது. காதில் கேட்கும் குரலோ வாத்தியமோ யாருடையதோ, அவர் 'கலைஞர்'. பாடலையோ கதையையோ எழுதியவர் 'இசையமைப்பாளர்' கட்டத்தில். கதாசிரியரை அங்கே போடுவது முதலில் விசித்திரமாகத் தெரியும்; ஆனால் பெரும்பாலான பிளேயர்கள் படிக்கும் கட்டம் அது, தேடினால் வந்துவிடும். பதிவு செய்தவருக்கு, நாமே பெயரிட்டுக்கொள்ளும் தனிக் கட்டம். எம்பி3 கோப்புகளின் டேக் முறையான ஐடி3-இல் இதற்கு இடம் உண்டு. தரம் இழக்காமல் ஒலியைச் சுருக்கும் ஃபிளாக் கோப்பில், ஆங்கில எழுத்தில் எந்தப் பெயரில் வேண்டுமானாலும் கட்டம் சேர்க்கலாம். இப்படிச் சேர்த்த கட்டங்களைப் பல பிளேயர்கள் காட்டுவதில்லை என்பதால், அதே விவரத்தைக் 'குறிப்பு' கட்டத்திலும் ஒரு வரி எழுதிவிடுவேன்.

'ஆல்பம் கலைஞர்' கட்டத்தைக் காலியாக விடுவதும் அடிக்கடி நடக்கிறது. ஒரு கச்சேரியில் இடையிடையே விருந்தினர்கள் பாடினால், பிளேயர் அதை ஐந்தாறு ஆல்பங்களாக உடைத்துக் காட்டும். அந்த ஒரு கட்டத்தில் முதன்மைக் கலைஞரின் பெயரை எல்லா டிராக்குக்கும் ஒன்றுபோல எழுதினால் கச்சேரி முழுசாக நிற்கும்.

தேதியைப் பழக்கத்துக்கு எழுதுவது

5-8-77 என்றால் எந்த நாள்? நமக்கு ஆகஸ்ட் 5. அமெரிக்க ரசிகருக்கு மே 8. கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடத்திய புகழ்பெற்ற கச்சேரி 1977 மே 8-ஆம் தேதியது. அந்தக் குழு ரசிகர்கள் பதிவு செய்வதை அனுமதித்தது. 1984-இல் பதிவு செய்பவர்களுக்கென்று அரங்கில் தனிப் பகுதியே ஒதுக்கியது. அந்த ரசிகர்கள் கோப்புக்குப் பெயர் வைக்கும்போது குழுவின் சுருக்கப் பெயரை அடுத்து 1977-05-08 என்று எழுதுவார்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற இந்த வரிசையைத்தான் ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரம் 1988-இல் வகுத்தது. இப்படி எழுதினால் குழப்பமும் இல்லை, பெயர் வரிசையில் அடுக்கினாலே கால வரிசையும் தானாக வந்துவிடும்.

நாள் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். மாதம் வரை தெரிந்தால் 1998-07 என்று நிறுத்துங்கள். காலியாக இருக்கும் இடத்தை என்றாவது ஒருவர் நிரப்புவார். தவறாக நிரப்பப்பட்ட இடத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அது பிரதியிலிருந்து பிரதிக்குப் போய் உண்மையாகவே ஆகிவிடும்.

கணினி காட்டும் கோப்பின் தேதியையும் நம்ப வேண்டாம். டேக்கைத் திருத்தினாலே அது மாறிவிடும். 'ஆண்டு' கட்டத்தில் பதிவு நடந்த ஆண்டைத்தான் எழுத வேண்டும். மூலப் பாடல் வந்த ஆண்டு தேவையென்றால் குறிப்பில் போடலாம். நள்ளிரவைத் தாண்டி நடந்த கச்சேரிக்கு, தொடங்கிய நாளின் தேதியே போதும்.

ஒரே இரவின் இரண்டு பதிவுகளை 'நகல்' என்று அழிப்பது

ஒரு கச்சேரியை மேடையின் ஒலிக்கலவைப் பலகையிலிருந்து ஒருவர் எடுத்திருப்பார். இருக்கையிலிருந்து மைக்கில் இன்னொருவர் எடுத்திருப்பார். வானொலி ஒலிபரப்பிலிருந்து வேறொருவர் எடுத்திருப்பார். பெயரும் நீளமும் ஒன்றுபோல இருக்கும். கேட்டால் மூன்றும் மூன்று அனுபவம். பலகைப் பதிவில் குரல் தெளிவாக இருக்கும், கூட்டம் இருக்காது. பார்வையாளர் பதிவில் பல்லவியைக் கூட்டம் சேர்ந்து பாடும்போது மைக் திணறுவது கேட்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். நகல் தேடி அழிக்கும் மென்பொருளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதனால் மூலம் எது என்பதை ஆல்பம் பெயரிலேயே எழுதிவிடுங்கள்: தேதி, ஊர், அரங்கம், பிறகு 'பலகை' அல்லது 'பார்வையாளர்'.

இத்தகைய பதிவுகளோடு பெரும்பாலும் ஒரு சின்ன உரைக்கோப்பு வரும். எந்த மைக், எந்த ரெக்கார்டர், எப்படிக் கணினிக்கு வந்தது, யார் வெட்டிப் பிரித்தார் என்று அதில் இருக்கும். இடத்தை அடைக்கிறது என்று பலர் அதை அழித்துவிடுகிறார்கள். அது சில கிலோபைட்தான். அந்தப் பதிவின் ஜாதகமே அதில்தான் இருக்கிறது. "மைக், டேப், இரண்டாம் பிரதி, கணினி, ஃபிளாக்" என்று ஒரு வரி இருந்தால், இன்னொரு பிரதி கையில் கிடைக்கும்போது எது மூலத்துக்கு நெருக்கமானது என்று சொல்லிவிடலாம்.

எம்பி3-ஆக வந்ததை ஃபிளாக்காக மாற்றி வைப்பதும் இதே வகைத் தவறு. போன தரம் திரும்பாது. கோப்பு பெரிதாகும், அடுத்தவர் அதை இழப்பற்ற பதிவு என்று நம்பிவிடுவார். வந்த வடிவத்திலேயே வையுங்கள். இரைச்சலை நீக்கிப் பார்க்க ஆசையாக இருந்தால் பிரதியில் செய்யுங்கள், மூலம் மூலமாகவே இருக்கட்டும். ஒலியளவு ஏற்றத்தாழ்வுதான் தொல்லை என்றால், ரீப்ளேகெயின் முறை அளவைக் கணக்கிட்டு டேக்கில் மட்டும் எழுதும், ஒலியைத் தொடாது.

தமிழில் எழுதும்போது கவனிக்காமல் விடுவது

ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு வராத சில சிக்கல்கள் நமக்கு வரும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'கச்சேரி' என்று எழுதினால் புள்ளியும் உயிர்க்குறிகளும் சேர்த்து 7 குறியீடுகள், ஆக 21 பைட். லினக்ஸில் பரவலாக உள்ள ஈஎக்ஸ்டி4 என்ற கோப்புச் சேமிப்பு முறையில் கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது, அதாவது தமிழில் 85 குறியீடுகள். கலைஞர், தேதி, அரங்கம், பாடல் என்று எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே அடுக்கினால் பேக்கப் எடுக்கும்போது ஏதோ ஒரு கோப்பு நகராமல் நின்றுவிடும். பெயரைச் சுருக்கமாக வையுங்கள், விவரம் டேக்குக்குள் போகட்டும்.

அதிலும் 1996-இல் வந்த ஐடி3-இன் முதல் பதிப்பு மொத்தமே 128 பைட்; தலைப்புக்கு 30 பைட். தமிழ் அதில் அடங்காது. டேக் மென்பொருளின் அமைப்பில் முதல் பதிப்பை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 2.3 பதிப்பை யுடிஎஃப்-16 முறையில் எழுதச் சொல்லுங்கள். பழைய பிளேயர்களும் அதைப் படிக்கும். ஃபிளாக்கில் எப்போதுமே யுடிஎஃப்-8 என்பதால் இந்தத் தலைவலி இல்லை.

தேடல் பொய்த்துப்போகும் இடம் ஒன்று உண்டு, கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பழைய மேக் கணினிகள் கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமித்தன. 'ஸ்ரீ'-யும் இப்படித்தான்: ஸ வைத்தும் ஶ வைத்தும் எழுதலாம், தோற்றம் ஒன்றே. ஒரு கலைஞரின் பெயர் பட்டியலில் இரண்டு முறை தெரிந்து, எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருந்தால், பெரும்பாலும் இதுதான் காரணம். ஒன்றிலிருந்து பிரதியெடுத்து மற்றதில் ஒட்டிவிட்டால் சரியாகிவிடும்.

எழுத்துக்கூட்டல் வேறுபாடு இதைவிடப் பரவலானது. ஒரே பெயரை மூன்று விதமாக எழுதுவோம். ரசிகர் படைப்புகளுக்கான ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில், பயனர்கள் விதவிதமாக எழுதும் டேக்குகளை ஒரே பொது டேக்கோடு இணைப்பதற்கென்றே தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டுச் சேகரிப்புக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு உரைக்கோப்பில் பெயர்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, எழுதும் ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே எடுத்து ஒட்டினால் போதும்.

ஆசைப்பட்டு டேக்குகளைக் குவிப்பது

முதல் வாரம் உற்சாகத்தில் மனநிலை, பருவம், வேகம் என்று இருபது கட்டங்களை நிரப்புவோம். மூன்றாவது வாரம் அலுத்துவிடும். பாதிச் சேகரிப்பில் இருந்து மீதியில் இல்லாத டேக்கை வைத்து எதையும் தேட முடியாது. நீங்கள் உண்மையில் எதை வைத்துத் தேடுகிறீர்களோ அதற்கு மட்டும் டேக் வையுங்கள். நட்சத்திர மதிப்பீட்டைப் பல பிளேயர்கள் கோப்பில் எழுதாமல் தங்கள் சொந்தத் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்ளும். பிளேயர் மாறினால் அது போய்விடும். அப்புறம், 5 எம்பி அட்டைப்படத்தை 25 டிராக்குக்குள்ளும் பதித்தால் 125 எம்பி படத்துக்கே போகும். டிராக் எண்ணை 01, 02 என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் சில பிளேயர்களில் 2-க்கு முன்னால் 10 வந்து நிற்கும்.

பதிவு செய்தவரின் விருப்பத்தை எழுதாமல் விடுவது

சிலர் "உனக்கு மட்டும்" என்று சொல்லி அனுப்புவார்கள். சிலர் புனைபெயரில் மட்டும் அறியப்பட விரும்புவார்கள். அதை அப்போதே குறிப்புக் கட்டத்தில் எழுதுங்கள், அவர் தந்த பெயரையே பயன்படுத்துங்கள். நான்கு வருடம் கழித்து யாராவது கேட்கும்போது, எது பகிரக்கூடாதது என்பது நினைவில் இருக்காது. இன்டர்நெட் ஆர்கைவின் நேரடி இசைத் தொகுப்பு 2002 முதல் இயங்குகிறது. அனுமதி தந்த கலைஞர்களின் கச்சேரிகளைத்தான் அங்கே ஏற்றுகிறார்கள். நம் சேகரிப்பிலும் அந்த ஒழுங்கு இருக்கலாம்.

பேக்கப் பற்றி ஒரே ஒரு விஷயம். கோப்பு கெட்டுவிட்டதா என்று பார்க்க, முழுக் கோப்புக்கும் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு வைத்திருப்பீர்கள். டேக்கில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் அது மாறிவிடும், பதறுவீர்கள். ஃபிளாக் கோப்பு, ஒலிக்கு மட்டுமான எம்டி5-ஐத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். டேக்கை எத்தனை முறை மாற்றினாலும் அது மாறாது. சரிபார்க்க அதைப் பயன்படுத்துங்கள்.

அந்த மழைப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. கலைஞர் கட்டத்தில் 'பெயர் தெரியவில்லை' என்று எழுதி வைத்திருக்கிறேன். குறிப்பில் இரண்டு வரி: "வீட்டில் பாடியது, மழை. 2:14-இல் கதவு திறக்கிறது, 'ஒரு நிமிஷம்' என்கிறார்."