கிளென்ட்ரெஸ் காட்டில் முதல்முறை சைக்கிள் ஓட்டப் போகிறவர்களுக்கு

ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு வேலைக்கு வந்த நண்பர்கள் பலரை நான் கிளென்ட்ரெஸ் காட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். நகரத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர். பீபிள்ஸ் ஊரைத் தாண்டி ட்வீட் ஆற்றை ஒட்டிய சாலையில் கிழக்கே கொஞ்ச தூரம் போனால், இடப்பக்கம் மலைமேல் ஏறும் காடு அதுதான். 2023 ஆகஸ்டில் உலக சைக்கிள் சாம்பியன்ஷிப்பின் கிராஸ் கன்ட்ரி பந்தயம், அதாவது காட்டு மலைத்தடத்தில் ஓட்டும் மவுன்டன் பைக் பந்தயம், இங்கே நடந்தது. ஆண்கள் பிரிவில் பிரிட்டிஷ் வீரர் டாம் பிட்காக் ஜெயித்தார். அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு "இதெல்லாம் நமக்கு ஆகாது" என்று ஒதுங்கிவிடாதீர்கள். ஊரில் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போனவர் யாராக இருந்தாலும் இங்கே ஓட்டலாம், சரியான நிறத்தில் தொடங்கினால்.

தடங்களுக்கு நான்கு நிறம்: பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. பச்சை எளிது, கறுப்பு மிகக் கடினம். சைக்கிள் ஓட்டத் தெரிந்த பெரியவர்கள் பச்சையில் ஒருமுறை பழகிவிட்டு நீலத்துக்கு வந்துவிடலாம். அப்புறம் அவசரப்படாமல் நீலத்திலேயே இருங்கள். நீலத்தின் இறக்கங்களை நிற்காமல், வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் முடிக்க வந்தால்தான் சிவப்பு. அதற்கு முன்பே சிவப்புக்குப் போனால் பயம்தான் பழகும், ஓட்டுவது பழகாது. சிவப்பில் வரும் 'ஸ்பூக்கி வுட்' இறக்கத்துக்காக எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். அது அங்கேயேதான் இருக்கும், நீங்கள் தயாராகிப் போகலாம்.

சைக்கிளை வாடகைக்கு எடுக்கலாம், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். சீட்டை ஓடும்போதே ஏற்றி இறக்கும் விசை ஹேண்டில்பாரில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். டயரில் சாலைக்கு அடிப்பதுபோல் கல்லாகக் காற்று அடிக்கக் கூடாது. என் எடை 70 கிலோ. டியூப் இல்லாத டயரில் முன்னே 22, பின்னே 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைக்கிறேன். டியூப் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள், இல்லையென்றால் கல்லில் இடித்து டியூப் கிழியும். ஹெல்மெட், கையுறை, முழங்கால் கவசம், மழைச்சட்டை, தண்ணீர், கொஞ்சம் தின்பண்டம். கோடையிலும் மழைச்சட்டை வேண்டும்.

முதலில் ஏற்றம். சீட்டை உயர்த்தி, அதன் முன் நுனிக்கு நகர்ந்து, நெஞ்சைத் தாழ்த்தி உட்காருங்கள். செங்குத்து வருவதற்கு முன்பே கியரை இலேசாக்குங்கள். ஏறும்போது மாற்றினால் செயின் முறுகும், கால் நின்றுவிடும். பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகமே போதும். மேலே போய்ச் சேரும்போது காலில் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும், இறக்கத்துக்கும் கால்தான் வேலை செய்கிறது.

இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்தி எழுந்து நில்லுங்கள். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், குதிகால் சற்றுக் கீழே, முழங்கை வெளிப்பக்கம் மடங்கி. டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கத் தெரிந்தவருக்கு இது சட்டென்று பிடிபடும்: உடம்பு அசையாது, முழங்கால் மட்டும் மடங்கி நீளும். பயத்தில் உடம்பு பின்னால் போகப் பார்க்கும், விடாதீர்கள். எடை பின்னால் போனால் முன்சக்கரத்துக்குப் பிடிப்பு குறையும், திருப்பினால் திரும்பாது.

பிரேக்குக்கு ஆள்காட்டி விரல் ஒன்று போதும். இந்த நாட்டில் பொதுவாக வலக்கை முன் பிரேக், இடக்கை பின் பிரேக்; கிளம்பும் முன் மெதுவாக அழுத்தி உறுதி செய்துகொள்ளுங்கள். முன் பிரேக்கைக் கண்டு பயந்து பின் பிரேக்கையே நம்புகிறவர்கள் சக்கரம் இழுபட்டு வழுக்குகிறார்கள், தடத்தையும் கீறிவிடுகிறார்கள். வண்டியை நிறுத்தும் பலம் பெரும்பாலும் முன்னால்தான் இருக்கிறது. வெடுக்கென்று பிடிக்காமல், நேரான இடத்தில், இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள்.

வெளிப்பக்கம் மண்ணை உயர்த்திக் கட்டிய வளைவுக்கு பெர்ம் என்று பெயர். நீலத்தில் நிறைய வரும். வேகத்தை அதற்குள் நுழையும் முன்பே குறைத்துவிடுங்கள். உள்ளே போனதும் விரலைத் தளர்த்தி, சைக்கிளைச் சாய்த்து, வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். உள்ளே பிரேக் பிடித்தால் சைக்கிள் நிமிர்ந்து வெளியே ஓடும். முன்சக்கரத்தையே பார்த்தால் வளைவு திடீரென்று வந்த மாதிரி இருக்கும். நான் கூட்டிப்போகும் எல்லோரிடமும் ஓயாமல் கத்துவது ஒன்றுதான்: "தலையைத் தூக்கு, தூரத்தில் பாரு!" சொன்னதைக் கேட்டவர் அன்று சாயங்காலத்துக்குள் வேறு ஆளாக ஓட்டுவார். அதைப் பார்ப்பதில் எனக்கு இன்றுவரை அலுப்பே வந்ததில்லை.

தடத்தில் வரும் ஈர வேர்களைச் சாய்வாக இல்லாமல், நேர்குறுக்காகக் கடக்க வேண்டும். அதன்மேல் திருப்பவும் கூடாது, பிரேக்கும் கூடாது.

தடங்கள் ஒருவழி. நிற்க வேண்டுமென்றால் தடத்தை விட்டு வெளியே வந்து நில்லுங்கள், மேட்டுக்குக் கீழே மறைவான இடத்தில் ஒருபோதும் நிற்காதீர்கள். பின்னால் வேகமாக ஒருவர் வந்தால் பதறி ஒதுங்க வேண்டாம், அகலமான இடம் வந்ததும் வழி விடுங்கள். மூடிய தடத்துக்குள் நுழையாதீர்கள். இது மரம் வெட்டும் காடு, உள்ளே பெரிய இயந்திரங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்.

துணைக்கு ஒருவரோடு போங்கள். யாருக்காவது பலமாக அடிபட்டால் அவசர எண் 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேளுங்கள். எந்த நிறத் தடம், கடைசியாக எதைத் தாண்டினீர்கள் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். காட்டில் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது.

வீட்டுக்கு வந்ததும் கால், முழங்கால் மடிப்பு, இடுப்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். லைம் என்ற நோய்த்தொற்றைப் பரப்புவது அதுதான். இருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். உங்கள் சொந்த சைக்கிள் என்றால் கழுவும்போது சக்கர அச்சுப் பக்கம் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள், உள்ளிருக்கும் கிரீஸ் போய்விடும். செயினைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, அன்றைக்கே எண்ணெய் போட்டு வையுங்கள்.