முதலில் தாயைப் பிடியுங்கள்: தெருப்பூனைக்குக் கருத்தடை, குட்டிக்கு வீடு

மாடிப்படிக்கு அடியில் நாலு குட்டி கிடக்கிறது என்றால் எல்லார் கையும் முதலில் குட்டிகளிடம்தான் போகும். பால் கொடுத்து, படம் எடுத்துப் போட்டு, ஆளாளுக்குக் கேட்டு வீடு பிடிப்பதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும். அதே இரண்டு மாதத்தில் தாய் அடுத்த ஈற்றுக்குத் தயாராகிவிடும். பூனையின் சினைக்காலம் 63 முதல் 65 நாள்தான். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினை பிடிக்கும். கருமுட்டை வெளிவருவதே இணை சேர்ந்த பிறகுதான் என்பதால் இணை சேர்ந்தால் பெரும்பாலும் தப்பாது. பெட்டைக்குட்டி 4 மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். அண்ணன், தகப்பன் என்ற கணக்கெல்லாம் பூனைக்குக் கிடையாது.

ஆகவே வரிசை இதுதான்: தாய்க்கு ஆபரேஷன், அந்த இடத்தில் திரியும் மற்ற பெட்டைகளுக்கு ஆபரேஷன், பிறகு கடுவன்கள். குட்டிகளைக் கவனிப்பது இதோடு கூடவே நடக்கட்டும். ஆள்பலமும் பணமும் குறைவாக இருந்தால் பத்து இடத்தில் ஒவ்வொன்றாகச் செய்வதைவிட ஒரே இடத்தை முழுதாக முடிப்பது மேல். ஆறு பூனையில் ஒரு பெட்டையை விட்டுவைத்தாலும் ஒரு வருடத்தில் கணக்கு பழையபடி ஆகிவிடும்.

கூண்டு வைக்கும் முன்

ஒரு வாரம் எண்ணுங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சாப்பாடு வையுங்கள். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கத் தட்டு கிடந்தால் பசியோடு வரும் பழக்கம் வராது, பசியில்லாத பூனை கூண்டுக்குள் நுழையவும் செய்யாது. வரும் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, நிறம், வால், காது, வயிறு என்று குறித்து வையுங்கள். கறுப்பு, வெள்ளை, ஆரஞ்சு மூன்றும் கலந்த பூனை அநேகமாகப் பெட்டைதான். முழு ஆரஞ்சு பெரும்பாலும் கடுவன். கன்னம் உப்பி, தலை பெருத்து, எங்கும் பீய்ச்சி நாற வைத்துக்கொண்டு திரிவது கருத்தடை ஆகாத கடுவன். ஒரு காதின் நுனி நேராக வெட்டியிருந்தால் அதற்கு ஏற்கெனவே ஆபரேஷன் ஆகிவிட்டது.

டாக்டரிடம் தேதி வாங்கிய பிறகுதான் கூண்டு வைக்க வேண்டும். பிடித்துவிட்டுத் தேதிக்கு அலைந்தால் பூனை இரண்டு மூன்று நாள் கம்பிக்குள் கிடந்து மூக்கைக் கிழித்துக்கொள்ளும். தேதி கேட்கும்போதே கூடவே கேட்க வேண்டியவை: தொட முடியாத பூனையைக் கூண்டோடு வாங்கிக்கொள்வார்களா, தானே கரையும் தையல் போடுவார்களா (தெருப்பூனையைத் தையல் பிரிக்க மறுபடி பிடிப்பது நடக்கிற காரியமல்ல), நீண்ட நேரம் வேலை செய்யும் வலிநிவாரண ஊசி போடுவார்களா, காது நுனி வெட்டுவார்களா, சினையாக இருந்தால் என்ன செய்வார்கள். கடைசிக் கேள்விக்கு நீங்களும் முன்கூட்டியே முடிவெடுத்திருக்க வேண்டும். ஆபரேஷன் மேஜையிலிருந்து போன் வரும்போது யோசிக்க நேரம் இருக்காது.

ஊசி, மாத்திரை போட்டுச் சினையைத் தடுக்கலாமே என்று ஒருவராவது கேட்பார். ஹார்மோன் ஊசி திரும்பத் திரும்பப் போட்டால் கருப்பையில் சீழ் பிடிக்கும், மடி வீங்கும், மடியில் கட்டி வரும் ஆபத்தும் கூடும். ஆபரேஷனை 6 மாதத்துக்குள் செய்துவிட்டால் மடிப் புற்று வரும் வாய்ப்பு சுமார் 90 சதவீதம் குறைகிறது. ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்ற பேச்சுக்கு எந்த ஆதாரமும் இல்லை.

பிடிக்கும் நாள்

தேவையானவை: மிதித்தால் கதவு விழும் கம்பிக்கூண்டு (சுமார் 80 செ.மீ. நீளம் இருந்தால் பெரிய கடுவனும் அடங்கும்), முழுக்க மூடும் அளவு தடித்த துணி, செய்தித்தாள், கதவைப் பூட்ட ஒரு கொக்கி அல்லது கம்பி, தடித்த கையுறை, வாசனையான தீனி. எண்ணெயில் போட்ட டின் மீனை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பழகிய பூனையாக இருந்தாலும் கூண்டிலோ உறுதியான கேரியரிலோதான் கொண்டுபோக வேண்டும். கையில் தூக்கிப் போனால் முதல் ஹாரன் சத்தத்தில் மணிக்கட்டைக் கிழித்துவிட்டு ஓடும்.

முந்தின நாள் சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் இருக்கட்டும். அக்கம்பக்கத்தில் சோறு வைப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். பெரும்பாலான முயற்சிகள் தோற்பதற்குக் காரணம் பக்கத்து வீட்டுத் தட்டுதான்.

கூண்டைச் சமதளத்தில், சுவர் ஓரமாக வையுங்கள். ஆடினால் பூனை கால் வைக்காது. கம்பி காலில் படாதபடி உள்ளே செய்தித்தாளை மடித்துப் போடுங்கள். ஆனால் மிதிதட்டுக்கு அடியில் தாள் சிக்கினால் கதவு விழாது, விரலால் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட வேண்டும். தீனியை மிதிதட்டுக்கு அப்பால், கூண்டின் கடைசி முனையில் வையுங்கள். தட்டுக்கு முன்னாலேயே வைத்தால் தின்றுவிட்டுப் பின்வாங்கிப் போய்விடும். வாசலிலிருந்து உள்ளே வரை சுண்டுவிரல் நுனி அளவில் மூன்று நாலு துணுக்கு போதும். வழியிலேயே வயிறு நிறையக் கூடாது. பிறகு தள்ளிப் போய் நின்று கவனியுங்கள். கூண்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவே கூடாது. வெயில், மழை, நாய், விஷமக்காரர்கள் என்று எதுவும் நடக்கலாம்.

கதவு விழுந்ததும் பூனை சுழன்று சுழன்று மோதும். உடனே துணியால் முழுக்க மூடுங்கள். இருட்டானதும் அடங்கிவிடும். கதவைக் கொக்கியால் பூட்டிய பிறகே கூண்டைத் தூக்க வேண்டும். என்ன காரணம் சொன்னாலும் வெளியில் வைத்துக் கூண்டைத் திறக்காதீர்கள்.

சின்னக் குட்டியின் எடைக்கு மிதிதட்டு அசையாது. அப்போது கதவைத் தண்ணீர் பாட்டிலால் முட்டுக் கொடுத்து, பாட்டில் கழுத்தில் கயிறு கட்டி, குட்டி உள்ளே போனதும் இழுக்கலாம். ஒரு தடவை தப்பிய பெரிய பூனைக்கும் இதே முறைதான். அதற்கும் மசியாவிட்டால் கதவைத் திறந்த நிலையிலேயே கட்டிவைத்து, பத்து நாள் கூண்டுக்குள்ளேயே சாப்பாடு போடுங்கள். தட்டை நாளுக்கு ஒரு சாண் உள்ளே தள்ளிக்கொண்டே போங்கள்.

பிடித்தது பெட்டை என்றால் வயிற்றைப் பாருங்கள். கூண்டை லேசாக உயர்த்தி டார்ச் அடித்தாலே தெரியும். காம்பு நீண்டு சிவந்து, சுற்றி முடி உதிர்ந்திருந்தால் எங்கோ குட்டி காத்திருக்கிறது. பால் கொடுக்கும் தாய்க்கும் ஆபரேஷன் செய்யலாம், பால் வற்றிவிடாது. ஆனால் டாக்டரிடம் சொல்லி அதை முதல் ஆளாக முடிக்கச் சொல்லுங்கள். மயக்கம் முழுதாகத் தெளிந்ததும் அன்றே அதே இடத்தில் விட்டுவிடுங்கள். குட்டி நாலு ஐந்து வாரத்தைத் தாண்டித் தானே தின்ன ஆரம்பித்திருந்தால் இந்த அவசரம் பெரிதாக இல்லை.

ஆபரேஷனுக்கு முன் பட்டினி: பெரிய பூனைக்கு முந்தின இரவோடு சாப்பாடு நிறுத்தினால் போதும். குட்டிகளுக்கு 2 முதல் 4 மணி நேரத்துக்கு மேல் கூடாது. சின்ன உடம்பில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும்.

ஆபரேஷனுக்குப் பிறகு

மயக்கத்தில் இருக்கும் பூனைக்கு உடம்புச்சூடு தங்காது. காற்று அடிக்காத, கதகதப்பான அறையில், கீழே துணி போட்டுக் கூண்டை வையுங்கள். மின்விசிறி, ஏசி வேண்டாம். கண் திறந்தே இருக்கும், பயப்பட வேண்டியதில்லை. தலை மடங்கி மூச்சுக்குழாய் அழுந்தாமல் இருக்கிறதா என்று மட்டும் அடிக்கடி பாருங்கள். நேராக உட்கார்ந்து தலையை ஆட்டாமல் பார்க்க ஆரம்பித்த பிறகு கொஞ்சம் தண்ணீர், வழக்கத்தில் கால் பங்கு தீனி. தள்ளாடும்போதே ஊட்டினால் வாந்தி எடுத்து நுரையீரலுக்குள் போய்விடும்.

கடுவனை 24 மணி நேரம், பெட்டையை 48 மணி நேரம் வைத்திருந்து விடலாம். தையல் இடத்தில் லேசான வீக்கமும் ஒன்றிரண்டு சொட்டு ரத்தமும் சகஜம். ரத்தம் நிற்காமல் கசிவது, ஈறு வெளுத்துப்போவது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, பல மணி நேரமாகியும் அசையாமல் கிடப்பது, தையல் விட்டுப்போவது, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே டாக்டரிடம். காயத்தில் எந்த வீட்டு மருந்தும் பூச வேண்டாம். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கால் மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் உண்ணி மருந்தும், ஃபீனால் கலந்த தரைத் திரவமும் அதே ரகம்.

பிடித்த இடத்திலேயேதான் திரும்ப விட வேண்டும். வேறு தெருவில் விட்டால் தீனியும் ஒளிவிடமும் தெரியாமல் அலைந்து, சாலையைக் கடக்கும்போது அடிபடும். கதவைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் பார்த்துத் திறந்து ஒதுங்கி நில்லுங்கள். சில நாள் உங்களைக் கண்டால் முறைத்துக்கொண்டு ஓடும், பசி அதைச் சரிசெய்யும். கடுவனிடம் மிஞ்சியிருக்கும் விந்து இன்னும் சில வாரம் உயிரோடு இருக்கும். ஆகவே 4 முதல் 6 வாரத்துக்கு அது சினைப்படுத்தக்கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் தவறிவிட்டது என்று டாக்டரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

கடி பட்டால் சின்னத் துளைதானே என்று விடக்கூடாது. பூனையின் பல் ஊசி மாதிரி கிருமியை ஆழத்தில் வைத்துவிட்டு மேலே மூடிக்கொள்ளும். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைப் பார்த்து வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

குட்டிகள்

தனியாகக் கிடக்கும் குட்டி எல்லாம் அனாதைக் குட்டி இல்லை. தாய் இரை தேடப் போயிருக்கும், ஆள் நிற்பதைப் பார்த்து வராமலும் இருக்கும். வயிறு உருண்டு, உடம்பு சுத்தமாக, தூங்கிக்கொண்டிருந்தால் தாய் வந்துபோகிறது என்று பொருள். சந்தேகம் என்றால் சுற்றிலும் மெல்லிய கோடாக மாவு தூவிவிட்டுத் தள்ளிப் போங்கள். திரும்பி வரும்போது கோட்டில் கால்தடம் இருந்தால் விஷயம் முடிந்தது. அழுக்காக, சில்லென்று, ஓயாமல் கத்திக்கொண்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

எடுத்ததும் பால் கொடுக்காதீர்கள், முதலில் சூடு. சில்லிட்ட குட்டிக்கு உள்ளே போன பால் செரிக்காது, கொன்றுவிடும். துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில் பக்கத்தில் இருக்கட்டும், சூடு தாங்காமல் விலகிப் போகக் குட்டிக்கு இடமும் இருக்கட்டும். மாட்டுப்பால் வயிற்றைக் கலக்கும். பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்பவுடர்தான் சரி. 100 கிராம் எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 25 மில்லி, ஒரு வேளைக்கு 4 மில்லிக்கு மேல் போகாமல் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் இரவும் பகலும் 2 முதல் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை. குப்புறப் படுத்த நிலையில், தலை சற்று நிமிர்ந்திருக்கக் கொடுக்க வேண்டும். மனிதக் குழந்தை மாதிரி மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போகும். மூக்கில் பால் வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். ஒவ்வொரு வேளையும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிப்பக்கம் தடவினால்தான் மூத்திரம் போகும். மூன்று வாரம்வரை இது தாய் நக்கிச் செய்கிற வேலை.

சமையலறைத் தராசில் தினமும் எடை போடுங்கள். பிறக்கும்போது 100 கிராம் அளவு, நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றாலே கவனிக்க வேண்டும், இறங்கினால் டாக்டர். கண் திறக்க 7 முதல் 14 நாள். முன்பல் முளைப்பது 3, 4 வாரத்தில். அப்போதே கூழ்த்தீனியைத் தொடங்கலாம்.

மனிதருக்குப் பழகும் வயது 2 முதல் 7 வாரம். அந்த வயது கடந்த பிறகு பிடித்த காட்டுக்குட்டியும் பழகும், ஆனால் நாள்கணக்கு மாதக்கணக்காகும். நாலு மாதத்தைத் தாண்டியும் சீறிக்கொண்டிருப்பதைக் கருத்தடை செய்து பழைய இடத்திலேயே விடுவது அதற்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

தத்து

ஆபரேஷன் முடித்துத்தான் கொடுக்க வேண்டும். "ஆறு மாதமானதும் நாங்களே செய்துகொள்கிறோம்" என்பவர்கள் பொய் சொல்வதில்லை, மறந்துவிடுவார்கள். குட்டி 2 மாதத்தைத் தொட்டு 1 கிலோ ஏறியிருந்தால் இந்த வேலையில் பழகிய டாக்டர்கள் செய்துவிடுவார்கள். சின்னக் குட்டிகள்தான் சீக்கிரம் எழுந்து விளையாடவும் தொடங்கும்.

கேட்டு வருபவரிடம் வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, வாடகை வீடு என்றால் உரிமையாளருக்குத் தெரியுமா, ஊருக்குப் போகும்போது யார் பார்ப்பார்கள், மாடி வீடு என்றால் சன்னலுக்கும் பால்கனிக்கும் வலை உண்டா என்று கேளுங்கள். பூனை விழாது என்ற நம்பிக்கையில் நாலாவது மாடியிலிருந்து விழுந்த பூனைகள் நிறைய. வலை போட்ட பிறகு கொண்டுவருகிறோம் என்று சொல்லுங்கள், நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள். ஒரே ஈற்றில் இரண்டை ஜோடியாகக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். தனிக்குட்டி விளையாட்டுக்கு மனிதக் கையைத்தான் கடிக்கும், இரண்டாக இருந்தால் ஒன்றையொன்று கடித்து அளவு கற்றுக்கொள்ளும்.

அந்த வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் புதியது 2 வாரம் தனி அறையில், தனி மண்தட்டோடு (மலம், மூத்திரம் போக மண் நிரப்பிய தட்டு) இருக்கட்டும். பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் காய்ச்சல் குட்டிகளை இரண்டு மூன்று நாளில் வாரிக்கொண்டு போகும். அது தரையிலும் துணியிலும் ஒரு வருடம்வரை தாக்குப்பிடிக்கும். சாதாரண சோப்புக்குச் சாகாது. 1 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி ப்ளீச் கலந்து 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். நோய் வந்துபோன அறையில் தடுப்பூசி போடாத குட்டியை வைக்கவே கூடாது. தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, குட்டி 16 வாரத்தைத் தாண்டும்வரை.

கொடுத்த மூன்றாம் நாள், இரண்டாம் வாரம், மூன்றாம் மாதம் போன் செய்யுங்கள். ஒத்துவரவில்லை என்றால் குட்டி உங்களிடமே திரும்பி வர வேண்டும், வேறு யாரிடமும் கைமாறக் கூடாது. இதை எழுதி வாங்கிவிடுங்கள்.

படிக்கட்டுப் பக்கம் சாப்பாடு வைக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டாம். அந்த அரை மணி நேரத்தில்தான் புதிதாக வந்து சேர்ந்த பூனை தெரியும். இரண்டு காதும் முழுசாக உள்ள முகம் ஒன்று தட்டருகே தெரிந்தால், அன்றைக்கே டாக்டரிடம் தேதி கேட்டு வையுங்கள்.