இன்டர்கூலர் பைப்: மெட்டீரியல் வாங்கும் முன் வெல்டரைப் பாருங்கள்

டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றைக் குளிர வைப்பது இன்டர்கூலர். அந்தக் காற்றை டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து என்ஜினுக்கும் கொண்டுபோவது இன்டர்கூலர் பைப். டர்போ வண்டிக்கு இந்தப் பைப்பைப் புதிதாகச் செய்ய நினைக்கும் நண்பர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அலுமினியம் போடலாமா, எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடலாமா?" நான் பதில் சொல்வதற்கு முன் திருப்பிக் கேட்பேன்: "யார்கிட்ட வெல்டிங் வைக்கப் போறீங்க?" இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் பைப் வாங்குவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

என் பழைய டீசல் ஜீப்புக்கு முதன்முதலாகப் பைப் செய்தபோது நானும் அப்படித்தான் தொடங்கினேன். சென்னையிலிருந்து அலுமினிய பெண்டுகளும் நேர் பைப்பும் வாங்கி வந்துவிட்டேன். அதன்பிறகு வேலூரில் காட்பாடிக்கும் சத்துவாச்சாரிக்கும் நடுவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கேட், கிரில் செய்யும் கடை ஒன்றில், "ஆர்கான் மெஷின் இருக்குணா, பண்ணிடலாம்" என்றார்கள். ஆர்கான் வாயுவைப் பாய்ச்சிச் செய்யும் டிக் வெல்டிங்கைத்தான் கடைகளில் ஆர்கான் என்பார்கள். கைப்பிடி ரெயிலிங்கில் அவர்கள் வைத்திருந்த எஸ்எஸ் வெல்டிங் அழகாக இருந்தது, நம்பிக் கொடுத்தேன். மாலையில் போனால் இரண்டு ஜாயின்ட்டில் கரி பிடித்து, ஒன்றில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. அந்த வெல்டரின் கையில் குறை இல்லை. அவருடைய மெஷின் டிசி (நேர்திசை மின்சாரம்) மட்டும் தரக்கூடியது.

அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன்மேல் இயல்பாகவே படிந்திருக்கும் ஆக்சைடு தோல் உருக 2000 டிகிரிக்கும் மேல் வேண்டும். உள்ளே உலோகம் தண்ணீராகிவிடும், மேலே தோல் அப்படியே நிற்கும். ஏசி (மாறுதிசை) மின்சாரத்தில் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு பாதி அந்தத் தோலை உடைத்துச் சுத்தம் செய்கிறது, மறுபாதி உலோகத்தை உருக்குகிறது. எஸ்எஸ்சுக்கும் இரும்புக்கும் இந்தச் சிக்கல் இல்லை, டிசியே போதும். ஆகவே "ஆர்கான் இருக்கா?" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "மெஷின் ஏசி டிசி ரெண்டும் வருமா? அலுமினியம் கடைசியா எப்போ பண்ணீங்க, அந்த வேலையைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள்.

நம் வடாற்காட்டுப் பக்கம் நல்ல வெல்டர்களுக்குப் பஞ்சமே இல்லை. ராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலை இருக்கிறது, சிப்காட் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் தோல் தொழிற்சாலைகளில் பராமரிப்பு வேலை ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் கனமான பிளேட்டில் கைதேர்ந்தவருக்கு 1.6 மில்லிமீட்டர் பைப் புதிதாக இருக்கலாம். அவரவர் தினமும் எதைச் செய்கிறார் என்று பாருங்கள். பால் பதப்படுத்தும் ஆலைக்கு எஸ்எஸ் லைன் போட்டவர் கிடைத்தால் அவரிடம் எஸ்எஸ் கொடுங்கள். பைப்பின் உள்பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரி ரேடியேட்டரும் இன்டர்கூலரும் பழுது பார்க்கும் கடையில் ஏசி ஆர்கான் இருந்தால், மெல்லிய அலுமினியம் அவருக்கு அன்றாட வேலை. இவர்கள் இருவரும் கிடைக்கவில்லை, நல்ல இரும்பு வெல்டர்தான் கிடைக்கிறார் என்றால் எம்எஸ் (சாதாரண இரும்பு) பைப்பே போடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எடையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டரை அங்குல வெளிவிட்டத்தில் 1.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்பு பைப் ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 2.4 கிலோ. அதே விட்டத்தில் 2 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியம் ஒரு கிலோவை ஒட்டி வரும். மொத்தம் இரண்டு மீட்டர் பைப் என்றால் வித்தியாசம் மூன்று கிலோகூட இல்லை. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நேரம் எடுக்கப் போகிறவருக்கு அது கணக்கில் வரலாம். குடியாத்தம் போய் வருகிற வண்டிக்கு வராது. அலுமினிய பைப் காற்றைக் குளிர வைக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. காற்று அந்தப் பைப்பில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. குளிர வைப்பது இன்டர்கூலரின் வேலை.

இரும்பில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது துரு. வெளியே பெயின்ட் அடியுங்கள், உள்ளே அடிக்காதீர்கள், உரிந்தால் என்ஜினுக்குள் போகும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் கையில் இருக்கிறதே என்று அதை எடுக்கவே கூடாது. வெல்டிங் சூட்டில் துத்தநாகப் புகை கிளம்பி, அடிப்பவருக்கு அன்று இரவே குளிர்காய்ச்சல் வரும். இரண்டாவது, சைலன்சர் கடையில் கொடுப்பது. அங்கே பெரும்பாலும் சிஓடூ (கம்பி தானாக ஓடிவரும் மிக்) வெல்டிங்தான். சைலன்சரில் ஊசித் துளை இருந்தாலும் ஓடும், உள்ளே பொறி உருண்டைகள் ஒட்டியிருந்தாலும் அவை பின்பக்கமாக ரோட்டுக்குத்தான் போகும். இன்டர்கூலர் பைப்பில் அதே உருண்டை என்ஜினைப் பார்த்துப் போகிறது. அதிலும் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு வரும் சூடான பக்கத்துக்காவது நடுவில் ஒரு தடுப்பு உண்டு. இன்டர்கூலரிலிருந்து என்ஜினுக்குப் போகும் பக்கத்தில் எதுவுமே இல்லை. இரும்பாக இருந்தாலும் அந்தப் பக்கத்து ஜாயின்ட்டுகளை ஆர்கானில்தான் வைக்கச் சொல்லுவேன்.

எஸ்எஸ் என்றால் எல்லாம் எஸ்எஸ் அல்ல

கைப்பிடிக்கும் கேட்டுக்கும் நம் ஊர்க் கடைகளில் அதிகம் புழங்குவது 202 கிரேடு. கேட்பது 304, கிடைப்பது சில சமயம் 202. காந்தம் வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பது பலரின் நம்பிக்கை, அது உதவாது. இரண்டிலுமே காந்தம் பெரிதாக ஒட்டாது. 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். மாங்கனீசைக் காட்டும் சோதனைத் திரவம் சொட்டு மருந்து போலச் சின்னப் பாட்டிலில் கிடைக்கிறது. ஒரு சொட்டும் ஒரு சின்ன பேட்டரியும் போதும், நிறம் மாறுவதை வைத்துச் சொல்லிவிடலாம். 202 போட்டால் பைப் வெடித்துவிடாது, துருவைத் தாங்கும் திறன்தான் குறைவு. ஆனால் 304 விலையைக் கொடுத்து அதை வாங்கக் கூடாது.

எஸ்எஸ்சில் கிரேடைவிடப் பெரிய விஷயம் பைப்பின் உள்ளே இருக்கிறது. டார்ச்சிலிருந்து வரும் ஆர்கான் வெளிப்பக்கத்தை மட்டும்தான் காக்கும். உள்பக்கம் சிவக்கச் சூடாகும்போது அங்கே சாதாரணக் காற்று இருந்தால், கரிந்த சர்க்கரை போலச் சொரசொரவென்று பொருக்கு கட்டும். வெளியே பார்த்தால் தங்க நிறத்தில் வரிவரியாக அழகாக இருக்கும், உள்ளே விரல் விட்டால் கையைக் கிழிக்கும். அந்தப் பொருக்கு அதிர்வில் உதிர்ந்தால் நேராக உள்ளேதான் போகும். ஜாயின்ட்டும் அந்த இடத்தில் பலவீனமாகி, நாளடைவில் விரிசல் விடலாம்.

இதைத் தவிர்க்கப் பைப்பின் இரண்டு முனைகளையும் அடைத்து, ஒரு பக்கம் ஆர்கானை மெதுவாக உள்ளே விட்டு, மறுபக்கம் சின்னத் துளை வழியாகக் காற்றை வெளியேற்றிய பிறகு வெல்டிங் வைக்க வேண்டும். உள்ளிருக்கும் காற்று முழுக்க வெளியேறும் வரை பொறுக்க வேண்டும், அவசரப்பட்டால் பயனில்லை. கேஸ் கூடுதலாகச் செலவாகும், நேரமும் ஆகும். வெல்டர் இதற்குத் தனியாகக் கேட்டால் பேரம் பேசாதீர்கள். "அதெல்லாம் எதுக்குணா, வெளிய நல்லா வந்தா போதும்" என்று சொன்னால், அவரிடம் எஸ்எஸ் வேலை வேண்டாம்.

அலுமினியம் சுத்தத்தைக் கேட்கும்

அலுமினியத்துக்குச் சரியான ஆள் கிடைத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தவறு நடக்க இடம் உண்டு. பார்ட்டிஷன், ஜன்னல் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 6063 வகை, நன்றாகவே ஒட்டும். ஆனால் மேலே அனோடைஸ் பூச்சு (செயற்கையாகத் தடிக்க வைத்த ஆக்சைடு தோல்) இருந்தால் ஜாயின்ட் ஓரங்களில் உள்ளும் புறமும் அதை முழுக்கத் தேய்த்தெடுக்க வேண்டும். இரும்பு வெட்டிய அதே கட்டிங் வீல், இரும்பு தேய்த்த அதே பிரஷ் அலுமினியத்தில் படக் கூடாது. தனியாக ஒரு எஸ்எஸ் பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்கும் முன் அசிட்டோனில் துடைக்க வேண்டும். பிரேக் கிளீனர் ஸ்ப்ரே கையில் இருக்கிறதே என்று அதை அடிக்காதீர்கள். சிலவற்றில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும், வெல்டிங் ஒளியிலும் சூட்டிலும் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். இது உயிர் சம்பந்தப்பட்டது, வெல்டரிடமும் சொல்லிவையுங்கள்.

அப்புறம் ஃபில்லர் ராடு, அதாவது ஜாயின்ட்டில் உருக்கி நிரப்பும் கம்பி. 4043, 5356 இரண்டும் பரவலாகக் கிடைக்கும். 5356 பலமானது என்று பெயர் எடுத்தது. ஆனால் அதில் மெக்னீசியம் அதிகம், தொடர்ந்து 65 டிகிரிக்கு மேல் சூடாகும் இடத்துக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. நம் பைப் எவ்வளவு சூடாகும்? மே மாதம் வேலூரில் 42 டிகிரி வெயிலில் டர்போ அந்தக் காற்றை உறிஞ்சி ஒரு பார் பூஸ்டுக்கு (வெளிக்காற்றைவிட ஒரு பார் கூடுதல் அழுத்தத்துக்கு) அழுத்துகிறது, அதன் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வெளியே வரும் காற்று 140 டிகிரியைத் தொடும். ஆகவே 4043 கேளுங்கள். ராடே போடாமல் இரண்டு ஓரங்களையும் சும்மா உருக்கி ஒட்டுவதும் இந்த வகை அலுமினியத்தில் கூடாது, ஆறும்போதே நடுவில் விரிசல் ஓடும்.

பிவிசி பைப்பே போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கும் அதே 140 டிகிரிதான் பதில். 80 டிகிரியை நெருங்கும்போதே அது தளர்ந்துவிடும், குளிர்ந்திருக்கும்போது உடைந்தால் சில்லுகளாகத் தெறிக்கும். ஆனால் அளவு பார்க்க அதைவிட நல்ல பொருள் கிடையாது. பானெட்டுக்குள் எந்த வளைவு எங்கே வர வேண்டும் என்று பிவிசியில் வெட்டி ஒட்டிப் பார்த்துவிட்டு, அதை மாதிரியாக வெல்டரிடம் கொடுங்கள். அப்போது ஜாயின்ட் இடைவெளி இல்லாமல் பொருந்தும். ஓரங்கள் ஒழுங்காக உட்காராமல் "வெல்டிங்ல அடைச்சுக்கலாம்" என்று விட்ட இடம்தான் பிறகு கசியும். வண்டியிலேயே வைத்து டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டிங்) வைக்க வேண்டியிருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்ப்பை அந்தப் பைப்பிலேயே மாட்டச் சொல்லுங்கள். முழு வெல்டிங் வெளியே எடுத்துத்தான்.

பைப் விட்டத்தில் ஆசைப்படாதீர்கள். ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு இரண்டு அங்குலம் என்றால் உள்ளே மூன்று லிட்டர் காற்று நிற்கும், மூன்று அங்குலம் என்றால் கிட்டத்தட்ட ஏழு லிட்டர். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் அதை டர்போ நிரப்பியாக வேண்டும். சின்ன டீசலுக்கு இரண்டு முதல் இரண்டேகால் அங்குலம் போதும்.

நல்ல பைப் செய்துவிட்டு ஹோஸில் கோட்டை விடுபவர்களும் உண்டு. என்ஜின் ஆடும், இன்டர்கூலர் பாடியோடு நிற்கும். நடுவில் வளைந்துகொடுக்க இரண்டு பக்கமும் சிலிக்கான் ஹோஸ் வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல வெல்டிங்கும் விரியும். பைப் முனையில் சுற்றிலும் மேடு எழுப்பியிருக்க வேண்டும். அந்த மேட்டை உருட்டி எழுப்பும் பீடிங் கருவி இல்லை என்றால், வெல்டரிடமே முனையைச் சுற்றி மெல்லிய வரி ஒன்று போடச் சொல்லித் தேய்த்துக்கொள்ளலாம். மேடு இல்லாத பைப்பிலிருந்து ஹோஸ் கழன்று ஓடுவது பூஸ்ட் ஏறும் நேரத்தில்தான், அதாவது நீங்கள் லாரியை முந்திக்கொண்டிருக்கும்போது. ரேடியேட்டர் ஹோஸ் வேண்டாம், டீசலில் வரும் எண்ணெய்ப் புகையில் அது ஊறி உப்பிவிடும். வெறும் சிலிக்கானும் எண்ணெயில் நாளாக நாளாகத் தளரும். உள்ளே ஃபுளோரோசிலிக்கான் பூசிய ஹோஸ் கேட்டு வாங்குங்கள், டி-போல்ட் கிளாம்ப் (போல்ட் வைத்து முறுக்கும் அகலப் பட்டை) போடுங்கள்.

வெல்டரைத் தேர்ந்தெடுக்க என் வழி ஒன்று உண்டு. நீங்கள் போடப்போகும் அதே பைப்பில் நான்கு விரற்கடை நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டிக்கொண்டு போங்கள். அதை ஒட்டித் தரச் சொல்லி, அதற்குக் கூலியும் கொடுங்கள். பிறகு நீளவாக்கில் அறுத்து உள்ளே பாருங்கள். வேர் (ஜாயின்ட்டின் உள் அடிப்பகுதி) முழுக்க உருகிச் சேர்ந்திருக்கிறதா, பொருக்கு இருக்கிறதா, துளை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நல்ல வெல்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் இப்போது வேலை கொடுப்பவர் அந்தத் துண்டை என்னைவிட ஆர்வமாக வாங்கிப் பார்த்தவர்.

எல்லாம் முடிந்ததும் பைப்பின் உள்ளே துணி இழுத்து, கழுவி, நன்றாகக் காயவையுங்கள். மாட்டும் முன் இரண்டு முனையையும் கிளாம்ப் போட்டு அடைத்து, டயர் வால்வு வழியாக உங்கள் பூஸ்டைவிடச் சற்றே கூடுதலாகக் காற்று ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். ஒரு பார் பூஸ்ட் ஓட்டுகிறவருக்கு 20 பிஎஸ்ஐ தாராளம். அடைப்புக்கு நேரெதிரே நிற்காதீர்கள், கழன்றால் குண்டு போல வரும். குமிழி வரும் ஜாயின்ட்டைச் சாக்பீஸால் குறித்து வெல்டரிடமே திருப்பிக் கொண்டுபோங்கள், எம்-சீல் வைத்து மூடாதீர்கள். மாட்டிய பிறகு ஆம்பூர் வரை ஒரு முறை போய் வந்து, என்ஜின் ஆறியதும் எல்லா கிளாம்ப்பையும் மறுபடி இறுக்குங்கள். புது ஹோஸ் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கும்.