“பிரஷரே இல்லையே, எதுக்கு இந்த மாத்திரை?”

வார்டுக்குப் புது ஹவுஸ் சர்ஜன்கள் வரும்போதெல்லாம் அதே பழைய தவறுகளும் கூடவே வந்துவிடுகின்றன. குடிக்கக் கூடாது, வலி மாத்திரை ஆகாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். கல்லீரல் சுருக்கத்தால் உணவுக்குழாயில் நாளங்கள் புடைத்திருப்பவர்களிடம் விவரம் தெரிந்தவர்களே செய்கிற தவறுகள் இவை.

பல்ஸ் குறைவு என்று மாத்திரையை நிறுத்துவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் புரோப்ரனலால் மாத்திரை சாப்பிட்டு நன்றாகவே இருந்தார். சளிக்காக ஊர் கிளினிக்கில் காட்டப் போனார். பல்ஸ் 58, பிரஷர் 104 என்று பார்த்துவிட்டு, “உங்களுக்குத்தான் பிரஷரே இல்லையே, எதுக்கு இந்த மாத்திரை?” என்று நிறுத்திவிட்டார்கள். ஒரு மாத்திரை குறைந்ததே என்று அவருக்கும் சந்தோஷம். அடுத்த மாதம் ரத்த வாந்தியோடு ஆம்புலன்ஸில் வந்து இறங்கினார்.

அந்த மாத்திரையை யாரும் பிரஷருக்காகக் கொடுக்கவில்லை. சுருங்கிய கல்லீரலுக்குள் ரத்தம் எளிதில் போக முடியாததால் போர்ட்டல் சிரையில், அதாவது குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில், அழுத்தம் ஏறுகிறது. ரத்தம் உணவுக்குழாய், இரைப்பைப் பக்கம் திரும்ப, அங்குள்ள நாளங்கள் புடைக்கின்றன. புரோப்ரனலால் குடல் பக்கமிருந்து போர்ட்டல் சிரைக்கு வரும் ரத்தத்தைக் குறைத்து அந்த அழுத்தத்தை இறக்குகிறது. பல்ஸ் 55–60க்கு வர வேண்டும் என்றுதான் டோஸையே ஏற்றுகிறோம். 58 என்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், ஐயா!

மேல் பிரஷர் 90க்குக் கீழே போனாலோ சிறுநீரகம் பாதிக்கப்பட்டாலோ குறைக்கலாம், நிறுத்தலாம். ஆஸ்துமாக்காரருக்குக் கொடுக்கவே கூடாது. இந்த மாதிரிக் காரணம் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

இதே தவறு நம் வார்டிலும் வேறு வேஷத்தில் நடக்கிறது. ரத்தக்கசிவில் பிரஷர் விழும்போது மாத்திரையை நிறுத்துகிறோம், அது சரி. அப்புறம் அதைத் திரும்ப எழுத யாருக்கும் நினைவு வருவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் பேண்டிங் (புடைத்த நாளத்தை எண்டோஸ்கோப்பி வழியாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவது) இருக்கும், அமிலம் குறைக்கும் பான்டோப்ரசோல் இருக்கும், புரோப்ரனலால் மட்டும் இருக்காது.

பாட்டில் பாட்டிலாக ரத்தம்

உறவுக்காரர்கள் வேன் பிடித்து ரத்தம் கொடுக்க ஆள் கூட்டி வந்துவிடுவார்கள். அவர்கள் மனம் நோகக் கூடாதென்று ஹீமோகுளோபினை 10க்கு ஏற்றினால் போர்ட்டல் அழுத்தமும் கூடவே ஏறி, நின்ற கசிவு மறுபடி தொடங்கும். 7க்குக் கீழே போனால் ஏற்றுங்கள், 7–8 போதும்.

எண்டோஸ்கோப்பி வரை ஊசி போடாமல் காத்திருப்பது

வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூருக்கு அனுப்புகிறீர்களா? போர்ட்டல் அழுத்தத்தை இறக்கும் டெர்லிப்ரெசினோ ஆக்ட்ரியோடைடோ, கூடவே ஆன்டிபயாடிக் செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம். போட்டுவிட்டு வண்டி ஏற்றுங்கள்.

டிரானெக்சாமிக் அமிலம்

ரத்தம் உறைய உதவும் மருந்துதான், ஆனால் இங்கே வேண்டாம். பலன் இல்லை என்று 2020இல் வந்த ஹால்ட்-இட் (HALT-IT) ஆய்வோடு முடிந்த கதை.

ஒரு பேண்டிங்கோடு விடுவது

நாளங்கள் மறையும்வரை 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். தை மாதத்தில் தேதி கொடுத்தால் சம்பா அறுப்பு முடியட்டும் என்று வரமாட்டார்கள். நடவா, அறுப்பா என்று கேட்டுவிட்டுத் தேதி எழுதுங்கள். பேண்ட் உதிர்ந்த இடத்தில் புண் இருக்கும். ஒன்றிரண்டு வாரத்துக்குள் மலம் தார் மாதிரி கறுத்துப் போனால், தேதி பார்க்காமல் அன்றைக்கே வரச் சொல்லுங்கள்.